தம்பிக்குச் சாதனைச் சம்பளம் கேட்கலாமா?

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இதுதான்.

அவருடைய தம்பி தொழில்முறைக் கால்பந்து வீரர். வயது 29, ஆடுவது சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர். ஏழு சீசனாக ஒரே கிளப். கடைசி மூன்று சீசனாக அவர்தான் கேப்டன். போன சீசனில் லீகிலேயே மிகக் குறைவாக கோல் வாங்கியது இவர்கள் அணி. ஒப்பந்தம் முடிய இன்னும் 14 மாதம் இருக்கிறது. சம்பளத்தை 20 சதவீதம் உயர்த்தி மூன்று ஆண்டுக்குப் புது ஒப்பந்தம் போடலாம் என்று கிளப் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. அண்ணனுக்கு அது போதவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் டிரான்ஸ்ஃபர் தொகை (வீரரை விடுவிக்க அவருடைய பழைய கிளப்புக்குத் தரும் பணம்) எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்த ஸ்ட்ரைக்கருக்குத் தம்பியைப் போல இரண்டு மடங்கு சம்பளம். “கோல் போடுகிறவனுக்கு மாலை, கோல் விழாமல் காப்பவனுக்கு மிச்சம் மீதியா?” என்று கேட்கிறார். கிளப் வரலாற்றிலேயே பெரிய சம்பளம் தம்பிக்குத்தான் என்று எழுதித் தரும்வரை கையெழுத்து கிடையாது என்பது அவர் நிலை. லிவர்பூல் கிளப்பில் தடுப்பாட்டக்காரர் வான் டைக்குக்கு 75 மில்லியன் பவுண்டு கொடுத்தார்களே, நாங்கள் கேட்பது அதில் தூசு என்கிறார்.

குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர், தன்னை ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்பவர், உள்ளே வந்திருக்கிறார். வேறொரு கிளப் நான்கு ஆண்டுக்கு மிகப் பெரிய தொகை தரத் தயாராக இருப்பதாக ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் விதிப்பது மூன்று நிபந்தனைகள்: தன்னோடு மட்டும்தான் பேச வேண்டும், 10 சதவீதம் கமிஷன், சீசன் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி முகாமுக்குத் தம்பி போகக் கூடாது. கேப்டனை யாரும் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்றும் தைரியம் சொல்லியிருக்கிறார். அப்படியும் நடக்கவில்லை என்றால் 14 மாதம் காத்திருந்து, ஒப்பந்தம் முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் ஃப்ரீயாகப் போய்விடலாம் என்பது அண்ணனின் கடைசித் திட்டம்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

கிளப்பிலேயே பெரிய சம்பளம் கேட்கலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு தடுப்பாட்டக்காரர் கிளப்பிலேயே அதிகச் சம்பளம் வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. உங்கள் தம்பி பெரிய உயர்வு கேட்கத் தகுதியானவர் என்றே கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. 20 சதவீதம் என்பது கிளப் பேச்சைத் தொடங்குகிற இடம். ஆனால் நீங்கள் கேட்கும் விதத்திலும், அதற்குச் சொல்லும் காரணங்களிலும், கையில் எடுக்கப் போகும் ஆயுதங்களிலும் எனக்குச் சம்மதமில்லை. சாதனை என்று எதைச் சொல்கிறோம் என்பதையே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடுப்பாட்டக்காரர்களுக்குப் பெயரும் பணமும் குறைவாகத்தான் வருகின்றன என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆண்டின் சிறந்த வீரருக்கு 1956 முதல் தரப்படும் பாலன் தோர் விருதை வாங்கிய தடுப்பாட்டக்காரர்கள் மூன்றே பேர்: பெக்கன்பவர் 1972, 1976 என இருமுறை, மத்தியாஸ் சாமர் 1996, ஃபாபியோ கன்னவாரோ 2006. 2019-இல் வான் டைக் ஏழே புள்ளியில் மெஸ்ஸியிடம் தவறவிட்டார். ஸ்ட்ரைக்கரின் வேலை ஸ்கோர்போர்டில் ஏறிவிடுகிறது. நல்ல சென்டர் பேக்கின் வேலை நடக்காமல் போன ஒன்று. எதிரணி பந்தைக் கொடுக்கவே தயங்கிய இடம், எடுக்காமல் விட்ட ஷாட். அதைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேஜையில் காட்டுவது கஷ்டம்.

கஷ்டம்தான், முடியாதது இல்லை. ‘லீகிலேயே குறைந்த கோல்’ என்ற ஒரே எண்ணைத்தான் நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். கிளப் தரப்பில் உட்காருபவர் அதை ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார். லிவர்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18 லீகில் அவர்கள் வாங்கியது 38 கோல். வான் டைக் வந்து முதல் முழு சீசனான 2018-19-இல் 22. படிக்கும்போது எல்லாமே அவரால் என்று தோன்றும். ஆனால் அதே 2018 கோடையில்தான் அலிசன் என்ற புது கோல்கீப்பரும் வந்தார். மறுபக்கம், 2020 அக்டோபரில் வான் டைக் முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முழுக்க வெளியே போனபோது, நடப்புச் சாம்பியனான அதே அணி சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் போட்டிகளில் தோற்றது. நிழலின் அருமை வெயிலில் தெரிந்தது. அதிலும் ஒரு ‘ஆனால்’ உண்டு: அந்த சீசனில் மற்ற சென்டர் பேக்குகளான கோமஸும் மாட்டிப்பும்கூடக் காயத்தால் போய்விட்டார்கள்.

அதனால் மொத்த கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, தம்பி ஆடிய போட்டிகள், ஆடாத போட்டிகள் என்று ஏழு சீசனையும் பிரித்துப் பட்டியல் போடுங்கள். கூடவே யார் ஜோடியாக ஆடினார், கோல்கீப்பர் யார் என்பதையும் எழுதுங்கள். எத்தனை ஜோடிகள் மாறியும் இவர் பக்கம் ஆட்டம் கெடவில்லை என்று காட்ட முடிந்தால் அது வலுவான வாதம். அதைவிட வலுவானது இன்னொன்று: இவர் போனால் இவருக்குப் பதில் ஒருவரைக் கொண்டுவர கிளப்புக்கு என்ன ஆகும்? டிரான்ஸ்ஃபர் தொகை, புது ஆளின் சம்பளம், ஏஜென்ட் கமிஷன், அவர் இந்த அணியில் பொருந்தாமல் போகக்கூடிய அபாயம். இந்தக் கூட்டல் கணக்கைக் கிளப் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும். நீங்களும் போட்டுக்கொண்டு போங்கள்.

ஸ்ட்ரைக்கரோடு ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் ஃப்ரீயாக வந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிரான்ஸ்ஃபர் தொகையாக இன்னொரு கிளப்புக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு பகுதி அவருடைய சம்பளத்திலும் கையெழுத்துத் தொகையிலும் சேர்ந்திருக்கும். அப்படி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அந்தச் சம்பளத்தை அவர் போட்ட கோலுக்கான கூலி என்று மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்.

வான் டைக்கின் 75 மில்லியன்

2018 ஜனவரியில் லிவர்பூல் கொடுத்த அந்த 75 மில்லியன் பவுண்டு சவுத்தாம்ப்டன் கிளப்புக்குப் போனது. 2019-இல் ஹாரி மக்வயருக்காக மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்த 80 மில்லியன் லெஸ்டருக்குப் போனது. இரண்டுமே அந்தந்த நேரத்தில் தடுப்பாட்டக்காரர்களுக்கான உலகச் சாதனை. இரண்டுமே வீரரின் சம்பளம் இல்லை. டிரான்ஸ்ஃபர் தொகை என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தை முடித்துக்கொடுக்க ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குத் தரும் விலை. வீரரின் சம்பளம் தனிப் பேச்சு, தனிக் காகிதம். கிளப் இயக்குநர் முன்னால் இந்த உதாரணத்தை எடுத்தால் அடுத்த அரைமணி நேரம் உங்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் அங்கே போய்த் தெரிந்துகொள்வதைவிட இங்கே தெரிந்துகொள்வது நல்லது.

அந்தத் தாளில் இருக்கும் கணக்கு

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த தாளைத்தான் அதிக நேரம் பார்த்தேன். எண்களை மாற்றி, தம்பியின் இப்போதைய ஆண்டுச் சம்பளம் 100 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

உங்கள் கிளப் சொல்வது ஆண்டுக்கு 120, மூன்று ஆண்டு, ஆக 360. ஏஜென்ட் கொண்டுவந்த தாளில் பெரிய எழுத்தில் இருப்பது 800. நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 200. பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல். கீழே பொடி எழுத்தில் அந்த 200 எப்படி வருகிறது என்று இருக்கிறது: அடிப்படைச் சம்பளம் 90, சீசனில் 25 லீக் போட்டிகளில் தொடக்கப் பதினொருவரில் இறங்கினால் 50, அணி முதல் மூன்று இடத்துக்குள் முடித்தால் 30, இமேஜ் ரைட்ஸுக்கு (வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் பயன்படுத்தும் உரிமைக்கு) ஒரு தனி நிறுவனத்தின் வழியாக 30. நான்காவது ஆண்டைத் தொடர்வதா வேண்டாமா என்பது கிளப்பின் விருப்பம்.

சரி, இதில் உறுதியாகக் கைக்கு வருவது எவ்வளவு? மூன்று ஆண்டு அடிப்படைச் சம்பளம், 270. அவ்வளவுதான். இமேஜ் ரைட்ஸ் பணம் வேறொரு நிறுவனத்தோடு போடும் தனி ஒப்பந்தம். அது நின்றுபோனால், சம்பளப் பாக்கி என்று ஃபிஃபாவின் தகராறு தீர்ப்பு மன்றத்தில் கேட்பதே சிக்கலாகிவிடும். 25 போட்டிகளில் இறக்குவதா இல்லையா என்பது பயிற்சியாளர் கையில். முதல் மூன்று இடம் யார் கையிலும் இல்லை. தலைப்பில் 800, உறுதியில் 270. நீங்கள் அலட்சியமாகத் தள்ளிய கிளப் சலுகையில் உறுதித்தொகை 360.

வான் டைக்குக்கு நடந்தது போல அக்டோபரில் முழங்கால் போனால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பாருங்கள். அதுவரை ஏழெட்டுப் போட்டி ஆடியிருப்பார். 25 எட்டாது, 50 போச்சு. 29 வயதுக்காரருக்கு இது வெறும் கற்பனை இல்லை. தடுப்பாட்டக்காரர் டேவிட் அலாபா 2021-இல் ஜெர்மனியின் பேயர்ன் கிளப்பிலிருந்து ஃப்ரீயாக ரியல் மாட்ரிட் போனார், ஐந்து ஆண்டு ஒப்பந்தம். 2023 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து, மறுபடி மைதானத்தில் இறங்க 2025 ஜனவரி ஆயிற்று. ஓராண்டுக்கு மேல் ஆடாமல் இருக்கும் காலத்தில் வீரரின் வீட்டைக் காப்பது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான்.

தேசிய அணிக்காக ஆடும்போது காயம் பட்டால் ஃபிஃபா பார்த்துக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தத் திட்டத்தில் பணம் கிளப்புக்குத்தான் போகும். 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், கிளப் தொடர்ந்து தரும் நிலையான சம்பளத்தை ஈடுகட்டுவதற்காக, ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 75 லட்சம் யூரோ வரை. கவனியுங்கள், நிலையான சம்பளம். போனஸாக எழுதப்பட்டது அதில் வராது. அடிப்படைத் தொகையை உயர்த்திக் கேட்கும்போது, அவர் தேசிய அணிக்கு ஆடுபவராக இருந்தால், இதைக் கிளப்பிடம் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்பது இதுதான். மொத்தத் தொகையில் சாதனை வேண்டாம். உறுதித்தொகையில் சாதனை வேண்டும். இந்தக் கிளப் இதுவரை எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் தந்திராத அடிப்படைச் சம்பளம், மூன்று ஆண்டும் முழு உறுதி. 120-க்குப் பதில் 150 என்று தொடங்குங்கள். கிளப் ‘லீகின் சம்பள வரம்பு இருக்கிறது’ என்று சொன்னால் அதை உடனே சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு, வீரர் சம்பளமும் டிரான்ஸ்ஃபரும் ஏஜென்ட் செலவும் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ விதியே வைத்திருக்கிறது. உங்கள் லீகின் வரம்பு என்ன என்று கேளுங்கள். உண்மையான தடை என்றால் முதலாண்டு 130, அடுத்து 150, அதற்கடுத்து 170 என்று ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனால் ‘பிறகு தருகிறோம்’ என்பது தேதி இல்லாமல் காகிதத்தில் ஏறக் கூடாது. தேதி இருந்தால்தான் பாக்கி என்று சொல்ல முடியும்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், எழுத்து மூலம் 15 நாள் கெடு கொடுத்து, அப்புறமும் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதியில் வழி இருக்கிறது.

போனஸும் கேளுங்கள், ஆனால் வாசகத்தைப் பாருங்கள். ‘தொடக்கப் பதினொருவரில் இறங்கிய போட்டிகள்’ என்று இருந்தால், ‘போட்டி நாள் அணியில் இடம்பெற்ற போட்டிகள், கிளப் அல்லது தேசிய அணிப் பணியில் ஏற்பட்ட காயத்தால் தவறவிட்டவையும் இதில் சேரும்’ என்று மாற்றக் கேளுங்கள். முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பாதி வரை வருவார்கள், அதுவே பெரிது. இன்னொரு வரி: ஒப்பந்தக் காலத்தில் கிளப் வேறு எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் இதைவிட அதிக அடிப்படைச் சம்பளம் கொடுத்தால் தம்பியின் சம்பளமும் அந்த அளவுக்கு உயரும் என்று. உங்கள் மனக்குறைக்கு இந்த ஒரு வரியில் பெரும்பாலும் மருந்து இருக்கிறது. கிளப் தன் விருப்பப்படி மட்டும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்ற ஷரத்து வந்தால் அதை வெட்டிவிடுங்கள்; நீட்டிப்பு வேண்டுமென்றால் இரு தரப்புக் கையெழுத்தோடு இருக்கட்டும்.

வயதைக் காட்டிக் குறைக்கப் பார்த்தால் அதற்கும் பதில் இருக்கிறது. மைதானத்தின் ஓரமாக ஓடி ஆடும் விங்கரைப் போல வேகத்தையே நம்பியிராத சென்டர் பேக் நீண்ட காலம் ஆடலாம். இத்தாலியத் தடுப்பாட்டக்காரர் மால்தீனி 40 வயது வரை ஆடினார். வான் டைக் 2025 ஏப்ரலில், 33 வயதில், 2027 வரை புது ஒப்பந்தம் வாங்கினார். உங்கள் தம்பி மூன்று ஆண்டு முடிக்கும்போது 33-ஐ நெருங்கியிருப்பார். அவ்வளவுதான்.

முகாமுக்குப் போகாமல் இருப்பது

வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தில் பயிற்சிக்கு வருவது அடிப்படைக் கடமை. வராமல் இருந்தால் மீறியவர் தம்பி என்று ஆகிவிடும். அபராதம், சம்பளப் பிடித்தம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றுக்கும் கதவு திறந்துவிடும். இப்போது நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. அதை ஒரு வார முகாமுக்காகக் கொடுத்துவிடாதீர்கள். பெரிய நட்சத்திரங்கள் சிலர் அப்படிச் செய்து வென்றார்கள் என்று ஏஜென்ட் பட்டியல் சொல்வார். அவர்களுக்காக வெளியே பணத்தோடு ஒரு கிளப் காத்திருந்தது. உங்களுக்கு இருப்பது ஒரு தாள்.

விலகிப் போக விரும்புவதைச் சொல்ல முறையான வழி உண்டு. வான் டைக்கே 2017 ஆகஸ்டில் எழுத்து மூலம் டிரான்ஸ்ஃபர் கேட்டார். சவுத்தாம்ப்டன் அந்தக் கோடையில் விடவில்லை. திரும்ப வந்து ஆடினார், ஜனவரியில் போனார். கிறிஸ்டல் பேலஸ் தடுப்பாட்டக்காரராக இருந்த மார்க் கேஹியின் கதை இன்னும் கடுப்பானது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி லிவர்பூலுக்குப் போவது கிட்டத்தட்ட முடிந்து, கடைசி நேரத்தில் கிறிஸ்டல் பேலஸ் நிறுத்திவிட்டது. அடுத்த வாரங்களில் அவர் அதே அணிக்குக் கேப்டனாக ஆடினார்.

கேப்டனை உட்கார வைக்க முடியாது என்பதும் தவறு. கேப்டன் அணியும் கைப்பட்டையைக் கொடுப்பதும் எடுப்பதும் பயிற்சியாளர் உரிமை. 80 மில்லியன் பவுண்டுக்கு வந்த மக்வயரிடமிருந்தே 2023-இல் எடுத்துவிட்டார்கள். நிலைபெற்ற வீரரை ஒரு சீசனில் 10 சதவீதப் போட்டிகளில்கூட ஆடவிடாமல் வைத்தால் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. அதையும் சீசனின் கடைசி அதிகாரபூர்வப் போட்டி முடிந்த 15 நாளுக்குள் செய்ய வேண்டும். 10 சதவீதம் என்பது எவ்வளவு சின்ன எண் என்று பாருங்கள். அந்தப் பாதுகாப்பை நம்பி யாரும் சண்டைக்குப் போக முடியாது.

2024 அக்டோபரில் முன்னாள் பிரெஞ்சு வீரர் லசானா தியாரா வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஃபிஃபாவின் சில விதிகளைக் கடுமையாகக் கண்டித்தது உண்மை. அதற்கு ‘இனி எப்போது வேண்டுமானாலும் கிளப்பை விட்டுப் போகலாம்’ என்று பொருள் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். காரணமில்லாமல் முறித்தால் இழப்பீடு உண்டு என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

காத்திருந்து ஃப்ரீயாகப் போவது

இது உங்கள் திட்டங்களிலேயே உருப்படியானது. பெல்ஜிய வீரர் பொஸ்மான் தொடுத்த வழக்கின் 1995 தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கேட்க முடியாது. கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்துப் போடவும் ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. அப்படியென்றால் தம்பிக்கு அந்தக் கதவு இன்னும் எட்டு மாதம் கழித்துத்தான் திறக்கும். அதற்கு முன் எந்தக் கிளப் பேச வந்தாலும், முதலில் இப்போதைய கிளப்புக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். ஏஜென்ட் சொல்லும் கிளப் அப்படித் தெரிவித்திருக்கிறதா என்று கேளுங்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தடுப்பாட்டக்காரர் ருடிகர் 2022-இல் செல்சியிலிருந்து இப்படித்தான் ரியல் மாட்ரிட் போனார், நன்றாகவே அமைந்தது. ஆனால் காத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் கடைசியில் கதவு திறந்தே இருக்கும் என்று இல்லை. செர்ஜியோ ராமோஸை நினைத்துப் பாருங்கள். 16 ஆண்டு ரியல் மாட்ரிடில் ஆடியவர், கேப்டன், சாம்பியன்ஸ் லீக் நான்கு முறை வென்றவர். 2021-இல் அவர் கேட்டது இரண்டு ஆண்டு. கிளப் சொன்னது ஓராண்டு. மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஓராண்டுக்கே சரி என்று இறங்கி வந்தபோது, அந்தச் சலுகையின் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். கெடு இருந்ததே தனக்குத் தெரியாது என்று அவரே பிரிவுச் செய்தியாளர் சந்திப்பில் சொன்னார். அடுத்து பாரிஸில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது, முதல் சீசனின் பெரும்பகுதி காயத்தில் போனது. பேயர்னும் அலாபாவுக்கு வைத்த சலுகையை 2020 நவம்பரில் மேஜையிலிருந்து எடுத்துவிட்டது. சலுகை என்பது நின்று காத்திருக்காது.

பேரம் பேச உங்களுக்கு வாய்த்த நேரம் இந்தக் கோடைதான். 14 மாதம் மீதமிருக்கும்போது கிளப்பால் இன்னும் விற்க முடியும். அடுத்த கோடையில் விற்க ஒன்றும் இருக்காது. அதனால் அவர்களுக்கும் அவசரம். காத்திருந்தால் அந்த அவசரம் மெல்ல உங்கள் பக்கம் வரும். ஒரு காயம் வந்தால் முழுதாகவே வந்துவிடும்.

அந்த ஏஜென்ட்

ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. இருந்தால், மற்றக் கிளப்பிடமும் அவர் பணம் வாங்குகிறாரா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபிஃபா 2023-இல் கொண்டுவந்த விதியில், ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வரையிலான சம்பளத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 3 சதவீதம் என்பதுதான் கமிஷன் உச்சவரம்பு. வழக்குகளால் அந்த வரம்பு நிறுத்திவைக்கப்பட்டது, அது வேறு கதை. ஆனால் 10 எவ்வளவு அதிகம் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

இதில் உங்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. பழைய விதிகளில் பெற்றோர், உடன்பிறந்தோர் உரிமம் இல்லாமலே வீரருக்காகப் பேசலாம் என்று விலக்கு இருந்தது. இப்போது அந்த விலக்கு இல்லை. அண்ணன் என்ற முறையில் ஆலோசனை சொல்லலாம்; ஆனால் கிளப்போடு பேரம் பேசி முடிப்பது தம்பியும் அவருடைய வழக்கறிஞருமோ, உரிமம் உள்ள ஏஜென்ட்டோ செய்ய வேண்டியது.

இது உங்களைத் தள்ளி வைப்பது போலத் தோன்றலாம். ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அத்தனை பக்கத்திலும் தம்பி என்ன விரும்புகிறார் என்பதற்கு ஒரே ஒரு வரி. ‘அவனுக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை, அவன் அப்பாவி’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு சீசன் தொழில்முறைக் கால்பந்தில் நின்று, மூன்று சீசன் ஓர் அணியை நடத்தியவரை அப்பாவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தன் உடம்பு தெரியும், பயிற்சியாளர் தெரியும், பக்கத்தில் ஆடுகிறவர் யார் என்று தெரியும். இருக்க விரும்புகிறார் என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு, அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான். அந்தத் தாளை அவரிடம் கொடுத்து, 800 எங்கே, 270 எங்கே என்று காட்டிவிட்டு, அவர் பேசும்வரை கொஞ்சம் சும்மா இருந்து பாருங்கள்.

கடைசியாக, கேட்கும் தொகையைச் செய்தியாளர்களிடம் கசிய விட்டால் கிளப்புக்கு நெருக்கடி வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும், ஆனால் தப்பான திசையில். எண் வெளியே வந்துவிட்டால் கிளப்பால் அதை நெருங்கவே முடியாது. மறுநாள் காலையில் இன்னும் நான்கு வீரர்களின் ஏஜென்ட்டுகள் தொலைபேசியில் இருப்பார்கள். இப்போதைய ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு ஷரத்து இருந்தால் மீறலும் ஆகும். அப்புறம், மக்வயர் 80 மில்லியனைத் தானாகக் கேட்டு வாங்கவில்லை, ஆனாலும் ஒவ்வொரு தவறான பாஸுக்கும் அந்த எண்ணைச் சொல்லித்தான் ஏசினார்கள். கையெழுத்தான பிறகு வரும் அறிவிப்பிலும் ஆண்டு மட்டும் போதும், தொகை வேண்டாம் என்று நீங்களே கிளப்பிடம் கேளுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சலுகையை எழுத்தில் தரச் சொல்லி, அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் அதே காகிதத்தில் குறிக்கச் சொல்லித் தம்பி பெயரில் கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல்.